விக்கேக்கை தெரியாத கடல்

— உந்தப் பெட்டியை இறக்காதை தம்பி! திருப்பி வானுக்குள்ளை ஏத்து. நான் ஒருத்தரிட்டையும் பிரிட்ஜ் கேக்கேல்லை.

— சந்தியோகு அண்ணை, என்னைத் தெரியேல்லையே? கடை வான் ஓடுற ஜெயசுதன். உங்கடை பழைய பிரிட்ஜையும் நான்தானே கொண்டுவந்து தந்தனான். இது அதுக்குப் பதிலாப் புதுசு. கடைதான் அனுப்பினது.

— என்ன கோதாரிக் கதை கதைக்கிறாய்? வாரண்டியை இன்னும் நீட்டித் தாறம் எண்டு காசையும் வாங்கினவங்கள். பழுதானோடனை, "உங்கடை கடற்கரை வீடு, உப்புக்காத்து பட்டதுக்கு நாங்கள் பொறுப்பில்லை" எண்டு கலைச்சவங்கள். இப்ப புதுசு தாறாங்களாமோ?

— ஓம் அண்ணை. நேற்று அரசாங்கக் கச்சேரியிலை நுகர்வோர் விசாரணை. முறைப்பாடு குடுத்தவைக்கு மாத்திக் குடுக்கச் சொல்லி உத்தரவு.

— நான் ஒரு முறைப்பாடும் குடுக்கேல்லையே!

— நான் குடுத்தனான்.

— மேர்சி? என்ரை மனுசி நீயோ?

— ஓமப்பா. உங்களுக்குத் தெரியாமல் வாரண்டி அட்டையை எங்கடை வீதி யசிந்தாக்காவிட்டைக் குடுத்தனான். அவ எழுதிக்கொண்டு வந்ததிலை கையெழுத்தும் வைச்சனான். பின்னை என்ன செய்ய? என்ரை இன்சுலின் எத்தினை மாதமா ஈரமண் பானைக்குள்ளை கிடக்குது? நீங்கள் அவ வந்த நேரம் வாசலிலை வைச்சே ஏசிப் பேசி அனுப்பினியள்.

— பேசாமல்? "உன்ரை பிரிட்ஜுக்கு நீ ஓடித் திரி, எங்களை இழுக்காதை" எண்டுதான் சொன்னனான். கோதாரி, கம்பனிக்காரனோடை மல்லுக்கட்டி நாங்கள் வெல்லுறதோ?

— நானும் அப்பிடித்தான் நினைச்சன் அண்ணை. கடை மனேஜரைக் கச்சேரிக்கு ஏத்திக்கொண்டு போனது நான். கதவடியிலை நிண்டு எல்லாம் பார்த்தனான். கேளுங்கோவன், இப்ப நினைச்சாலும் மேல் புல்லரிக்குது.

— என்ன நடந்தது? சொல்லு.

— கொழும்பிலையிருந்து கம்பனிச் சட்டத்தரணி வந்தவர். கடற்காத்துப் பட்ட சாமானுக்கு வாரண்டி செல்லாது, இது கம்பனி விதி எண்டு ஒரு தாளைக் காட்டினார். யசிந்தாக்கா எழும்பினா. "எங்களுக்குத் தந்த அட்டையிலை உது இல்லையே ஐயா" எண்டா. பிறகு மனேஜரைப் பார்த்து, "தம்பி, எங்கடை பில்லுகளிலை கடற்கரை வீதி எண்டு விலாசம் எழுதினது உங்கடை கைதானே?" எண்டு கேட்டா. அவர் ஓம் எண்டார். கேளுங்கோவன், குரலைக் கூட உயர்த்தேல்லை அவ. "பிரிட்ஜை விக்கேக்கை தெரியாத கடல், பழுதானாப் பிறகோ கண்ணிலை பட்டது?" எண்டா.

— மாதாவே! எங்கடை யசிந்தாக்காவோ? பூசையிலை வாசகம் வாசிக்கக் கேட்டாலே கடைசி வரிசைக்குப் போய் ஒளிக்கிறவ!

— அவவேதான் அக்கா. மனேஜருக்கு முகம் செத்துப்போச்சு. "இது ஒருத்தர் ரெண்டு பேரின்ரை பிரச்சினை ஐயா, நாங்கள் பார்த்துக்கொள்ளுறம்" எண்டார். உடனை அவ என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, உந்தக் கதவை ஒருக்காத் திறந்து விடும்" எண்டா. திறந்தன். அண்ணை, விறாந்தை முழுக்கச் சனம்! குருநகர், பாசையூர், நாவாந்துறை எண்டு கரையே வந்து நிக்குது. எல்லாற்றை கையிலையும் அட்டை. பூசையிலை எழுந்தேற்றத்துக்கு மணி அடிச்சாப்போலை அப்பிடியொரு அமைதி.

— எல்லாரும் இதே கடையிலையோ வாங்கினவை?

— இதே கடை, இதே பதில். ஒவ்வொருத்தரும் தனக்கு மட்டும்தான் இப்பிடி எண்டு நினைச்சு, வெக்கத்திலை வாய் திறக்காமல் இருந்திருக்கினம். அவதான் சைக்கிளிலை வீடு வீடாப் போய்ச் சேர்த்தவ.

— நானும் அந்த வெக்கத்திலைதான்ரா இருந்தன்.

— விசாரணை நடத்தின ஐயா கண்ணாடியைக் கழட்டிப்போட்டு அந்தச் சனத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டத்தரணி தன்ரை தாளை மெல்லமா மடிச்சு உள்ளுக்கை வைச்சிட்டார்.

— கேட்டியே மேர்சி... இந்த மனுசியையெல்லோ நான் வாசலிலை நிக்கவைச்சுப் பேசினன்.

— குடிக்கத் தண்ணி வேணுமோ எண்டு கூடக் கேக்கேல்லை நீங்கள்.

— சரி, பிடி தம்பி, இறக்குவம். இது முடிய நானும் உன்னோடை வாறன். யசிந்தா வீட்டுப் படி உயரம். அவவின்ரை பிரிட்ஜை நான்தான் தூக்கி உள்ளை வைப்பன்.

— அவவுக்கு இல்லை அண்ணை.

— என்னடா சொல்லுறாய்?

— உத்தரவு எழுதேக்கைதான் எங்களுக்குத் தெரிஞ்சது. அவவின்ரை பிரிட்ஜ் பழுதானது வாரண்டி முடிஞ்சாப் பிறகு. கடை அவவுக்கு ஒண்டும் குடுக்கத் தேவையில்லை.

— ஐயோ கடவுளே! அது தெரியாமலோ மனுசி இவ்வளவும் ஓடினது?

— விசாரணை ஐயாவும் உதைத்தான் கேட்டவர் அண்ணை. "தெரியும் ஐயா. என்ரை பிரிட்ஜ் பழுதான அண்டைக்குத்தான் அந்த அட்டையை முழுக்க வாசிச்சனான். காலம் முடிஞ்ச எனக்குக் கிடையாது, காலம் முடியாத மற்றவைக்குக் கிடைக்கும் எண்டு அதிலை இருந்தது" எண்டா.