நிற்கச் சொல்லாத ஓட்டம்

இரவு பதினொன்று இருக்கும். பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஏரியை ஒட்டி ஒரு மண் சாலை. விளக்குக் கம்பங்கள் வரிசையாக நிற்கும்... ஒன்றிலும் விளக்கு எரியாது. கம்பெனி பஸ்கூட அந்தப் பக்கம் திரும்பாது. ஏரியிலிருந்து ஒரு நாற்றம் வரும். அழுகிய முட்டையும் பினாயிலும் கலந்த மாதிரி. மூக்கைப் பொத்திக்கொண்டாலும் தொண்டைக்குள் இறங்கும்.

அந்தச் சாலையில் ஒருவர் தனியாக ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார். கோவிந்தன். நம் சௌம்யாவின் பெரியப்பா. அவளை இன்றைக்கு ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டீர்களே... இதை அவள் எதிரில் சொல்ல முடியாது. கிருத்திகா, அந்த பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்.

கோவிந்தன் ராணுவத்தில் இருந்தவர். ஓய்வு பெற்று வந்தபின் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். ஐம்பதைத் தாண்டிவிட்டார். தொம்மலூரில் சின்னதாக ஒரு வீடு, மனைவி ஜெயலட்சுமி, கல்யாணம் ஆகிப்போன ஒரு மகள். வேறு வம்பு தும்பு கிடையாது.

அன்று சாயங்காலம் அதே தொம்மலூரில் எத்திராஜ் வீட்டு மொட்டை மாடியில்தான் இருந்தார். எத்திராஜும் அவரும் ஒரே பேட்ச், பயிற்சியின்போது தங்கியிருந்த பேரக்கில் அடுத்தடுத்த கட்டில். அந்த பேட்சில் பெங்களூரில் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கூடுவார்கள். கேன்டீன் ரம், வறுத்த கோழி, பழைய கதை. பழைய கதை என்றால் ஒரே ஆளின் கதைதான். பச்சைமுத்து உஸ்தாத்.

புதிதாகச் சேர்ந்த ரங்ரூட்டுகளுக்கு டிரில் சொல்லிக்கொடுக்கும் ஹவில்தாரை அங்கே உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த ஊர் பயிற்சி மையம் என்று கோவிந்தன் சொன்னதில்லை, அதை விடுங்கள். அந்த உஸ்தாத் ஷேவ் சரியில்லாதவனின் கன்னத்தில் செங்கல்லைத் தேய்ப்பார். மே மாத வெயிலில் தார் ரோட்டில் முழங்கையால் ஊர்ந்து போகச் சொல்வார். எழுந்திருக்கும்போது தோல் தாரிலேயே நின்றுவிடும். எத்திராஜுக்கு முன்பல் இரண்டு இல்லை. அதுவும் அவர் கொடுத்ததுதான். அதைச் சொல்லி எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பது எத்திராஜ்தான்.

"அந்த அடி வாங்கலன்னா மேல பனியில நான் செத்திருப்பேன்டா. மனுஷன் தெய்வம்."

எல்லோரும் கிளாஸைத் தூக்கினார்கள். கோவிந்தனும் தூக்கினார்.

முனிரத்தினத்தின் பேரை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எந்த வருஷமும் எடுத்ததில்லை.

அப்போதுதான் கோவிந்தனின் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தார்.

"கோவிந்தா... பச்சைமுத்து பேசறேன்டா."

கோவிந்தன் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். குதிகால் இரண்டும் சேர்ந்துகொண்டன. முப்பது வருஷம் கழித்தும் அந்தக் குரலுக்கு முதலில் எழுவது கால்தான்.

"இன்னிக்கு ராத்திரி வந்து என்கூட இரு. யாருகிட்டயும் சொல்லாத."

ஏன் என்று கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் இல்லை. வழியை மட்டும் கேட்டுக்கொண்டார். மற்றவர்களிடம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

உஸ்தாதின் வீடு சாலை முடிகிற இடத்தில் இருந்தது. ஷீட் கூரை போட்ட ஒற்றை அறை. பக்கத்தில் ஒரு காலி மனை. யாரோ கட்டடம் கட்டத் தொடங்கி நிறுத்திவிட்டார்கள். மனை முழுக்க முக்கால் இஞ்ச் ஜல்லியைக் கொட்டிப் பரப்பிவிட்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு லேத் பட்டறையும் அதன் வாட்ச்மேன் குடிசையும். அவ்வளவுதான்.

கதவைத் திறந்த ஆளைக் கோவிந்தனுக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த ஆறடி உடம்பு வற்றிப்போயிருந்தது. எழுபது வயது. வலது முட்டி பனங்காய் மாதிரி வீங்கியிருந்தது. இரண்டு பாதத்திலும் பழந்துணியைச் சுற்றியிருந்தார். துணி நனைந்திருந்தது... தண்ணீரால் இல்லை.

"என்ன உஸ்தாத் இது?"

கிழவர் திரும்பி பனியனைத் தூக்கிக் காட்டினார்.

முதுகில் பிரம்புக் கோடுகள். கழுத்திலிருந்து இடுப்பு வரை, ஒன்றின்மேல் ஒன்றாக. பழையது கருத்துப்போயிருந்தது, புதியது பிளந்துகிடந்தது. சீழ் வாடை அடித்தது. சவுக்கால் அடித்தால்கூட இப்படி விழாது.

"யாரு அடிச்சது?"

"தெரியாத மாதிரி கேக்கறியே."

கோவிந்தனுக்குத் தெரிந்துதான் இருந்தது.

முனிரத்தினம் கோலார் பக்கத்துப் பையன். பத்தொன்பது வயசு. நெஞ்சு கொஞ்சம் பலவீனம். ஓடும்போது மூச்சு விசில் மாதிரி கீச்சென்று வரும். ஒருநாள் பரேடில் ரைஃபிளைக் கீழே போட்டுவிட்டான். உஸ்தாத் அவன் முதுகில் மணல் மூட்டையை ஏற்றி, ரைஃபிளைத் தலைக்குமேல் தூக்கச் சொல்லி, 'தௌட் கே சல்' என்றார். ஓடு. ராணுவத்தில் 'தம்' என்று சொன்னால்தான் நிற்கலாம். அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை தன்னைத் தாண்டும்போதும் ஆடுசதையில் பிரம்பால் ஒன்று வைத்தார். அவன் விழுந்தான். பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தார். எழுந்து ஓடினான். மறுபடி விழுந்தான். பிரம்பு பிளக்கும் வரை அடித்தார். எழுந்து நாலு காலால் ஓடினான்... நாய் மாதிரி. வாயில் நுரையும் ரத்தமும். பிளட்டூன் முழுக்க சாவ்தானில், அதாவது அட்டென்ஷனில், நின்றது. முன்வரிசையில் எத்திராஜ், அவருக்குப் பக்கத்தில் கோவிந்தன். ஒருவரும் அசையவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பையன் செத்துப்போனான். வெயில் தாங்கவில்லை என்று முடித்துவிட்டார்கள்.

"என் பொண்டாட்டி செத்துப்போனதுலேர்ந்து வர்றான்" என்றார் கிழவர். "விசில் ஊதுவான். ஓடச் சொல்வான். என் காலு என் பேச்சக் கேக்காது கோவிந்தா. விடியற வரைக்கும் இந்த ஜல்லியில ஓடறேன். அவனுக்கு நான் 'தம்' சொல்லல. எனக்கும் சொல்ல ஆளில்ல." கையைப் பிடித்துக்கொண்டார். கை கொதித்தது. "நீ சொல்லுடா. ஒரே ஒரு தடவ சொல்லு. நான் நின்னுடுவேன். நம்ம ஆளு ஒருத்தன் வாயால வந்தா நின்னுடும்னு தோணுது."

"சொல்றேன் உஸ்தாத்."

"மறந்துட மாட்டியே?"

"ஒரு வார்த்ததானே."

கிழவர் தூங்கிப்போனார். கோவிந்தன் வாசற்படியில் உட்கார்ந்தார். எங்கோ ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் தட்டிக்கொண்டே இருந்தது. நாய்கள் குரைத்தன. பிறகு மெஷின் நின்றது... ஷிஃப்ட் முடிந்திருக்கும். நாய்களும் நின்றன. நாய்களுக்கு ஷிஃப்ட் கிடையாதே.

முதலில் வாடைதான் வந்தது. பூட் பாலிஷ். கறுப்பு பாலிஷும் எச்சிலும் வியர்வையும் சேர்ந்த அந்த பேரக் வாடை. ஏரி நாற்றத்தையே அமுக்கிக்கொண்டு வந்தது.

அப்புறம் விசில். நீளமாக ஒன்று... குட்டையாக ஒன்று.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. கிழவர் வெளியே ஓடிவந்தார். கண் மூடியிருந்தது. பாதத்துணி அவிழ்ந்து பின்னால் இழுபட்டது. நேராக ஜல்லியில் ஏறினார். ஓடினார். வெறுங்காலில் ஜல்லி நறுக் நறுக்கென்றது. அவர் பின்னாலேயே இன்னொரு ஜோடிக் கால். பூட்ஸ். ஆள் இல்லை. ஜல்லி மட்டும் நசுங்கித் தெறித்தது. அதோடு சேர்ந்து அந்த மூச்சு... கீச்... கீச்... கீச்...

காற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு சத்தம். விஷ்க். கிழவரின் முதுகு பனியனோடு பிளந்தது. நிலா வெளிச்சத்தில் ரத்தம் கறுப்பாக இறங்கியது. மறுபடி விஷ்க். கிழவர் கீழே விழுந்தார், குட்டிக்கரணம் போட்டார், எழுந்தார், மறுபடி குட்டிக்கரணம். நெற்றி ஜல்லியில் மோதும் சத்தம் தேங்காய் உடைப்பது போலக் கேட்டது.

கோவிந்தன் ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தார். எழுபது வயது உடம்பு அவரை அப்படியே இழுத்துக்கொண்டு ஓடியது. முழங்கால் கல்லில் உரசிச் சதை பிய்ந்தது. அப்போது வாயில் ஒரு அடி விழுந்தது. முஷ்டி இல்லை, பூட்ஸ் இல்லை, என்னவென்று தெரியவில்லை. வாயெல்லாம் உப்புக் கரித்தது. பிடி விட்டுப்போனது.

"உஸ்தாத், நில்லுங்க!"

நிற்கவில்லை. தமிழில் சொன்னால் எப்படி நிற்பார்? அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். கோவிந்தன் எழுந்து மூச்சை இழுத்தார்.

கீச் மூச்சு அவர் காதருகே வந்து நின்றது. அவ்வளவு அருகே. காதுமடல் ஈரமானது.

அதற்குப் பிறகு நடந்ததை இப்படித்தான் கோவிந்தன் சொன்னார். மனையின் ஓரத்தில் சாவ்தானில் நின்றேன். கை இரண்டும் தொடையோடு ஒட்டிக்கொண்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. 'தம்' என்று சொல்ல எவ்வளவோ முயன்றேன், வாயே திறக்கவில்லை. கிழவர் ஒவ்வொரு சுற்றிலும் என்னைத் தாண்டும்போது கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். 'சொல்லுடா... சொல்லுடா...' என்றார். பிறகு முழங்காலால் ஓடினார். பிறகு முழங்கையால். முகம் என்று ஒன்று இல்லை அப்போது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

விடிந்தது. லேத் பட்டறை வாட்ச்மேன்தான் வந்து தோளைத் தொட்டான். தொட்டதும் கோவிந்தன் சரிந்து விழுந்தார். கிழவர் மனையின் நடுவில் குப்புறக் கிடந்தார். ஒரு கால் மட்டும் ஓடுகிற நிலையில் மடங்கியிருந்தது. குதிகாலில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

போலீஸ் வந்தது. அந்த வாட்ச்மேன் நல்லவன். "தாத்தா தெனமும் ராத்திரி தனியா ஓடுவாரு சார். புத்தி சரியில்ல. எத்தனயோ தடவ நானே தூக்கிட்டு வந்து படுக்க வெச்சிருக்கேன்" என்றான். அன்றைக்கு ராத்திரி அவன் குடிசையில் இல்லை, ஊருக்குப் போய் விடியற்காலைதான் வந்திருக்கிறான். கோவிந்தனின் கிழிந்த உதட்டையும் முழங்காலையும் பார்த்த ஏட்டு, தடுக்கப்போய் அடிபட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார். மாரடைப்பு என்றார்கள். முதுகைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

எத்திராஜும் மற்றவர்களும் வந்து எரித்தார்கள். எல்லோரும் சல்யூட் அடித்தார்கள். கோவிந்தனுக்குக் கை எழவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஜெயலட்சுமி அவரோடு பேசவில்லை. சோறு வைத்தாள், வெந்நீர் வைத்தாள், உதட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. ராத்திரியானால் மகளின் பழைய அறையில் படுத்துத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். சாவு வீட்டுக்குப் போய்வந்த பயம் என்று கோவிந்தன் நினைத்தார். நாள் போகப்போக அவருக்குத் தாங்கவில்லை. ஒரு சாயங்காலம் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"ஜெயா, என்னாச்சு உனக்கு? நான் என்ன பண்ணேன்?"

அவள் அடுப்பை அணைத்தாள். திரும்பாமலே பேசினாள்.

"அன்னிக்கு ராத்திரி உங்க போன்லேர்ந்து கால் வந்துச்சு. பாக்கெட்ல தானா அழுந்தியிருக்கும்னு நெனச்சேன். கட் பண்ண மனசில்லாம கேட்டுட்டே இருந்தேன். யாரோ பெரியவரு போதும் போதும்னு அழுவுறாரு."

"அதான் சொன்னேனே... உஸ்தாத். நான் நிறுத்தச் சொல்லி..."

"நிறுத்தச் சொல்லலங்க. இந்தில ஓடு ஓடுன்னு கத்தறீங்க. விசுக்கு விசுக்குன்னு அடிக்கற சத்தம். எண்ணறீங்க... ஏக், தோன்னு. திருப்பித் திருப்பி மொதல்லேர்ந்து எண்ணறீங்க."

"நான் இல்ல ஜெயா. என் வாயே தொறக்கல. அது அவன்..."

"இத்தன வருஷம் குடும்பம் நடத்தறேன். உங்க கொரல் எனக்குத் தெரியாதா?"

ஜெயலட்சுமி அப்போதுதான் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அது கூட பரவால்லங்க. நடுநடுவுல சிரிச்சீங்க. அந்தச் சிரிப்ப நான் இதுக்கு முன்ன கேட்டதே இல்ல."