காற்றுக்கும் வெள்ளத்துக்கும் கட்டிய பாலம்

அவைக்குத் தலைமை தாங்கும் பொன்னையா அவர்களே, பீப்பாய் சுமந்து தோள் காய்த்த தோழர்களே, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து வடம் பிடித்த தாய்மார்களே, வெள்ளத்தன்று காணாமல்போய்க் கரவொலிக்கு மட்டும் வந்திருக்கும் கனவான்களே! அனைவருக்கும் வணக்கம்.

போன வெள்ளம் நம் பாலத்தைக் கொண்டுபோனது. அக்கரையில் நம் லயக் குடியிருப்புகள் தீவாகின. யாருக்கு வலித்தது? அலுவலகத்துக்கா? அமைச்சுக்கா? இதோ முன்வரிசையில் இருக்கும் ரெங்கம்மா அக்காவுக்கு வலித்தது! சிறுநீரகம் செயலிழந்தவர். கிழமைக்கு இருமுறை பதுளை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்காவிட்டால் உயிர் இல்லை.

கணக்கு வாத்தியார் நான், மிதக்கும் பாலம் கேட்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். "கொழுந்து பறிக்கிற ஆக்களுக்குப் பாலமா? பிள்ளைகளுக்குக் கணக்குப் படிச்சுக் குடுங்க சேர்" என்றார் ஓர் அதிகாரி. மறப்பேனா? மாட்டேன்! மன்னிப்பேனா? அவர் கேட்கவே இல்லையே!

வெறும் பீப்பாய்களை வடத்தால் பிணைத்து நாமே கட்டினோம். என்ன தம்பி? "பேனரச் சொல்லுங்க சேர்" என்கிறாயா? சொல்லத்தானே வந்தேன்! திறப்பு விழாவுக்கு இரண்டு தொழிற்சங்கத்தாரும் போட்டிபோட்டுப் பாலத்தின்மேலேயே வளைவு கட்டிப் பேனர் ஏற்றினார்கள். "காற்றுப் பிடிக்கும், கழற்றுங்கள்" என்றேன். "நல்ல காரியத்துல தடங்கல் பேசாதீங்க சேர், எங்க தலைவர் படம்ல அது!" என்றார்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று எழுந்தது. தலைவர்கள் பாய்மரமாக விரிந்தார்கள். பாலம் படகாகப் புறப்பட்டது! நீரோட்டத்துக்கு மட்டுமே நங்கூரம் போட்டிருந்தோம். காற்றோ நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் தள்ளி, கரையில் மோதவிட்டு உடைத்தது. சிரிக்கிறீர்கள். அன்று கம்பளியில் தூளி கட்டி அக்காவைக் காட்டுவழியே சுற்றிச் சுமந்தவர்கள் சிரிக்கவில்லை.

மறுபடி கட்டினோம். மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையின் இரும்புச் சில்லுகளை உருட்டிவந்து, ஆற்றின் அடியில் நங்கூரமாகப் பாலத்துக்கு மேற்புறமும் புதைத்தோம், கீழ்ப்புறமும் புதைத்தோம். ஆறு இழுத்தால் ஒரு வடம் பிடிக்கும். காற்று தள்ளினால் மறு வடம் மறிக்கும். விறைப்பாகக் கட்டவில்லை; நீர் ஏறினால் பாலமும் ஏற இடம் விட்டோம்.

இன்று காலை என்ன நடந்தது? மழை கொட்டியது, ஆறு சீறியது, காற்று ஊளையிட்டது. பாலம் ஆடியது, அகன்றதா? எழுந்தது, அறுந்ததா? அக்கரையில் நின்ற அக்கா தன் மகளிடம் சொன்னார்: "ஜீவராணி, கையப் புடிக்காத. வழுக்குனா ரெண்டு பேருமா போகணும்? நான் நடக்குறேன்." நடந்தார்! ஆஸ்பத்திரிக்குப் போனார்! திரும்பி அதே பாலத்தில் நடந்துவந்து அமர்ந்திருக்கிறார்!

பாலத்துக்கு யார் பெயர் என்று மேடையில் காதோடு காதாகப் பேசுகிறார்கள். எவர் பெயரும் வேண்டாம் ஐயா! வெள்ளிக்கிழமை அக்கா மறுபடி போகவேண்டும். போவார்! அடுத்த கிழமையும் போவார்! வெள்ளம் வரட்டும், அவர் போவார்! வடம் பிடித்த கைகளுக்கெல்லாம் என் நன்றி. வணக்கம்!