கிராஃபைட் மட்டும் அவள் வேலை

பைன் மரக்கட்டை இழைப்பதற்கு மிருதுவானது. எட்டு வயதுப் பிள்ளைகூட ஒரு வாரத்தில் கையளவு பொம்மைக் கார் செய்துவிடலாம். என் மகள் சோல்வைக்குத் திமிங்கில வடிவத்தில் வேண்டுமாம். திமிங்கிலம் ஓடாது. அதனால் சரிவுப் பலகையில் உருட்டிவிடும் சாரணர் பந்தயத்துக்கான காரை நானே இழைத்து, ஐந்து அவுன்ஸ் எடை வரம்புக்குச் சரியாக ஈயமும் வைத்தேன். ஆனால், 'குழந்தையே செய்தது' என்று படிவத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். பொய்க் கையெழுத்து எனக்குப் பிடிக்காது. ஆகவே பந்தயத்தன்று காலையில் சக்கரங்கள் வழுக்கிச் சுழல கிராஃபைட் பொடி போடும் வேலையை அவளிடம் விட்டேன். கையெல்லாம் கரி. கழுவச் சொன்னால் மாட்டேன் என்றாள். தானும் கார் செய்தாள் என்பதற்கு அவளிடம் வேறு அத்தாட்சி இல்லை.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பந்தயம். எடை மேசை என் பொறுப்பு. எடை பார்த்த காரை யாரும் தொடக் கூடாது. கார்களை வைத்த அறையின் சாவி என்னிடம். தகப்பன் இல்லாத எல்ராய் என்ற பையன் கோணல்மாணலாக ஒரு வெள்ளைக் கார் கொண்டுவந்திருந்தான். சோதனை ஓட்டத்தில் அது எங்களை முந்திவிட்டது. எல்லாரும் சாப்பிடப் போனபோது அதன் அச்சாணியை லேசாக வளைத்தேன். நிமிர்ந்தால் வாசலில் சோல்வை.

"அப்பா, அது எல்ராயோடது."

"தெரியும் கண்ணு. சும்மா பாத்தேன். நீ போ."

பந்தயத்தில் வெள்ளைக் கார் பாதி வழியில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. அதன் முதுகில் கறுப்பாக ஒரு தீற்றல். எங்கள் சக்கரத்தைத் தொட்ட என் விரலின் கரிதான். சாரணர் தலைவி ஹாகன் அம்மாள் குரலை உயர்த்தவில்லை. "யாருப்பா இதத் தொட்டது?"

என் கையை நான் கழுவியிருந்தேன். "பிள்ளைங்க எல்லாம் கையக் காட்டட்டுமே," என்றேன். நியாயமான யோசனைதானே.

மற்ற பிள்ளைகள் முதல் நாளே பொடி போட்டு முடித்தவர்கள். சோல்வை கைகளை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். அவசரப்படுத்தவில்லை.

"நான்தான்," என்றாள்.

அவளுடைய சாரணர் கழுத்துத் துணியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். எல்ராயின் அம்மாவிடம் அவளுக்காக நானே மன்னிப்புக் கேட்டேன். வண்டியில் ஏறியதும் மெதுவாகக் கேட்டாள்: "இப்பக் கழுவிடட்டுமாப்பா?"

"கழுவிக்கோ," என்றேன்.

அந்தப் படிவம் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். நான் பொய்க் கையெழுத்துப் போடவில்லை. குழந்தையேதான் செய்தது என்று அந்த ஊரே சொல்லும்.