போட்ட முதல்

"காலேஜ்ல சேக்கதும் கடை பிடிக்கதும் ஒண்ணுதாம் பிள்ள. போட்ட முதல் எப்பத் திரும்பும்?"

வாஷியில் ரயில் ஏறிய அப்பாவும் மகளும் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அவருக்குத் தாராவியில் முறுக்கு மொத்த வியாபாரம் என்று பேச்சிலேயே தெரிந்தது. மகளின் மடியில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் பளபளப்பான புத்தகம்.

"ஃபீஸ் ஜாஸ்திதான்ப்பா. ஆனா அங்க படிச்ச எல்லாருக்கும் பக்கா வேலைன்னு அந்த காலேஜ் அட்மிஷன் கவுன்சிலர் சொன்னாரே."

"சொன்னாம்லா. நீ எங்க படிச்சேன்னு அவன்ட்ட கேட்டேன். இங்கதாம்னான்."

"அப்ப அவருக்கும் வேலை கிடைச்சிருக்குல்ல?"

"கிடைச்சிருக்கு. அந்தக் காலேஜுக்கே ஆள் பிடிக்க வேலை."

"அதுவும் வேலைதானேப்பா?"

"அதாம் எனக்குப் பிடிபடல."

ரயில் மான்குர்டு ஸ்டேஷனைத் தாண்டியது.

"சேரவா, வேண்டாமா? சனிக்கிழமைக்குள்ள சொல்லணும்ப்பா."

"நீ தண்ணி குடிக்கப் போனேல்லா, அப்ப அவன்ட்ட நம்ம கடை கார்டைக் குடுத்தேன். பாத்துட்டு மெதுவா கேக்கான், 'சேட், உங்க கடைல கணக்குப் பாக்க ஆள் வேணுமா'ன்னு."

மகள் அவரையே பார்த்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்லுதேன்னேன். பாவம், நல்ல பய. ஏ பிள்ள, நாம அவனை வேலைக்கு எடுத்துக்கிட்டா, அடுத்த வருஷம் நம்ம கடைப் பேரையும் அந்தப் புஸ்தகத்துல போட்டுருவானுவளோ?"

மகள் புத்தகத்தைத் திறந்தாள். வேலை கொடுத்த கம்பெனிகளின் பக்கத்தை ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். தாராவிக்கு இறங்க வேண்டிய சுனாபட்டி வந்ததைக்கூட இருவரும் கவனிக்கவில்லை.