கேபிளின் எதிர்முனை

கரண்ட் போய் அரை மணி ஆகிவிட்டது. இனி விடிந்தால்தான் வரும். எல்லோரும் இந்தப் பாய்க்கே வந்துவிடுங்கள், மெழுகுவத்தி ஒன்றுதான் இருக்கிறது. இன்று சொல்லப்போவது எங்கோ யாருக்கோ நடந்தது இல்லை. இதோ, சுவரில் சாய்ந்திருக்கிறானே சுரேந்தர்... இவனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. ஒரு வாரம் அங்கே இருந்துவிட்டு இன்று சாயங்காலம்தான் திரும்பி வந்தான்.

"என்னடா சுரேந்தர், உங்க மாமா கதையச் சொல்லட்டுமா?"

பேசமாட்டான். சரி, மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி. கிரண், உனக்குப் பயமாக இருந்தால் அவன் கையைப் பிடித்துக்கொள்.

போன வருடம், தொண்ணூற்றெட்டு டிசம்பர். இரவு ஒன்பதரை மணி. பன்னூர் ரோடு. மைசூர் எல்லையைத் தாண்டினால் இரண்டு பக்கமும் கரும்பு, ஒரு தெருவிளக்கு கிடையாது. அந்த ரோட்டில் காளியப்பன் மாமா மொபெட்டில் தனியாகப் போகிறார். மாதேஸ்வரன் மலைப் பக்கம் கௌதள்ளி ஊர்க்காரர். திரும்பி வந்தால் என் பேரை மாற்றிக் கூப்பிடுங்கள் என்று ஊரில் சவால் விட்டு வந்த மனிதர். மைசூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் தற்காலிக வேலை. அது மறுநாளோடு முடிகிறது. காலை பத்து மணிக்கு அதே ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் இன்டர்நெட் திறப்புவிழா, அங்கேதான் போகிறார். அது ஓடினால் வேலை நிரந்தரம், ஓடாவிட்டால் கௌதள்ளி பஸ் ஏறிவிடு என்று முதலாளி சொல்லியிருந்தார்.

சிக்கல் இதுதான். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் ஆபீஸ் அறையில் இருக்கிற ஒரே பெட்டி வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கேபிள், மைதானத்தைத் தாண்டி, பழைய கட்டடத்து லேபுக்குப் போகிறது. பெட்டிக்குள் இருக்கும் நெட்வொர்க் கார்டுக்கு இரண்டு வேகம். நூறு என்றால் பச்சை விளக்கு, பத்து என்றால் ஆரஞ்சு. எந்த வேகம் என்பதை இரண்டு முனையும் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளும். ஒரு முனையால் ஏற முடியாவிட்டால் மற்றது இறங்கி வரும். அங்கே பகலெல்லாம் பச்சை. இருட்டினால்... பச்சைக்கும் ஆரஞ்சுக்கும் அல்லாடும். எதுவும் நகராது.

மாமா கார்டை மாற்றினார். கேபிளை மாற்றினார். அதே அல்லாட்டம். கடைசியில் வாட்ச்மேன் கெம்பையனைப் பெட்டி முன்னால் நிறுத்திவிட்டு, டார்ச்சோடு மைதானத்தைத் தாண்டிப் போனார்.

பழைய லேப். வௌவால் புழுக்கை நாற்றம். மழைக்கு நனைந்த சாக்பீஸ் வாசம். கேபிளை அந்தப் பக்கத்திலிருந்து உருவி எடுத்தார். இப்போது நுனி அவர் கையில். எதிர்முனை என்று ஒன்று இல்லை. அங்கே விளக்கு அணைந்தே ஆக வேண்டும். ஜன்னல் வழியாகக் கத்திக் கேட்டார். இருட்டுக்குள்ளிருந்து கெம்பையன் குரல்...

"ஹௌது சார், ஆமா, எரியுது. ஆரஞ்சு. இப்ப ஆடவே இல்ல."

நுனி ஈரமாக இருந்தது. சில்லென்று. விரலுக்கு நடுவில் ஒரு துடிப்பு... டொக். அப்புறம் ஒன்றுமில்லை. ஆறு நொடி போனது... டொக். மாமா வாட்ச்சைப் பார்த்து எண்ணியிருக்கிறார். நிமிஷத்துக்குப் பத்து.

ஓடி வந்திருக்க வேண்டும் அந்த மனிதர். எனக்கு இன்றைக்கும் அவர்மேல் கோபம்தான் வருகிறது. ஆனால் காலையில் திறப்புவிழா. கேபிளை மறுபடி சொருகிவிட்டு ஆபீஸுக்கு வந்தார். கார்டு பேசி முடிவு செய்வதை நிறுத்திவிட்டு, தன் கையாலேயே பத்து என்று போடப் போனார். கெம்பையன் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"அந்தப் பக்கம் யாருன்னே தெரியாம ஒத்துக்காதீங்க சார்."

"அது ஏற மாட்டேங்குது, கெம்பையா. நாம எறங்கிக்கலாம்."

போட்டார். விளக்கு நின்று எரிந்தது. மறுநாள் விழா ஜாம் ஜாமென்று நடந்தது, வேலையும் நிரந்தரமானது.

பொங்கலுக்குள் மாமா மெதுவாகிவிட்டார். முதலில் நடை. அப்புறம் பேச்சு. சுரேந்தரோட அக்கா தாரணி ராத்திரி கேட்டதற்கு விடிகாலையில் பதில் வரும். இட்லியை வாயில் வைத்தால் விழுங்க ஒரு மணி நேரம். டாக்டர் மணிக்கட்டைப் பிடித்தார்... பிடித்துக்கொண்டே இருந்தார். நிமிஷத்துக்குப் பத்து. மாதேஸ்வரன் மலைக்குக் கூட்டிப் போனார்கள். சன்னதியில் சும்மா நின்றார். மூன்று நாள் கழித்து வீட்டில், சுவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கடையிலிருந்து வேறொரு ஆள் போய்க் கார்டை நூறுக்கு மாற்றிப் பார்த்தான், பெட்டியையே மாற்றினான். ஆரஞ்சு மாறவில்லை.

தாரணி அக்காதான் பாவம். ராத்திரி பகலாக அவர் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவர் வேகத்தை ஏற்றிவிடலாம் என்று நினைத்திருப்பாள். போன வாரம் சுரேந்தர் போன் செய்தபோது அவளே எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இவன் மூன்று முறை ஹலோ சொல்லிவிட்டான். அன்றைக்கே பஸ் பிடித்து ஓடினான். ஒரு வாரம் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறான். ஒரு பலனும் இல்லை.

அவ்வளவுதான். நம்பினால் நம்புங்கள். மெழுகுவத்தியும் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது, படுக்கலாம். கிரண், இன்னுமா அவன் கையைப் பிடித்திருக்கிறாய்?

கொஞ்சம் இருங்கள்... சுரேந்தர் வாயைத் திறக்கிறான்.

"வேண்டாண்டா... சொல்லாத."