நாலு மணிக்கு வீடு பாக்க வர்றாங்க

— அதை ஏங்க திரும்ப உள்ள கொண்டு வர்றீங்க? இப்பத்தானே வாசல்ல வச்சேன்.

— மோட்டாரும்மா இது. உள்ள செம்புக்கம்பிக் காயில் கருகியிருக்கு, அவ்வளவுதான். புதுசாச் சுத்தினா ஓடும்.

— ஆறு வருஷமா அதைத்தான் சொல்றீங்க.

— ஃபேன் ரிப்பேர் பண்றவன் வீட்டுல மோட்டார் இல்லாம பியானோவா இருக்கும்?

— மணி பன்னெண்டாச்சு. தத்து ஆபீஸ் மேடம் நாலு மணிக்கு வீடு பாக்க வந்துடுவாங்க. போன தடவையே இடம் பத்தாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க. இன்னைக்கும் அப்படியே எழுதிட்டாங்கன்னா, மூணு வருஷம் காத்திருந்தது அத்தனையும் வீண். குழந்தை எங்க படுக்கும்னு கேட்டா மோட்டார் மேலன்னு சொல்லவா?

— சரி, சரி. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத. இது எங்க போகணும்?

— எத்தனை தடவை சொல்றது. வாசல்னா பழைய இரும்புக்காரருக்கு. ஜன்னல் பக்கம்னா யாராவது கேட்டவங்களுக்கு. நம்ம கட்டில் மேலன்னா நமக்கு. ஒரு வருஷமா கை படாத எதுவும் கட்டிலுக்கு வரக்கூடாது.

— அப்படிப் பாத்தா உன் தையல் மெஷினும்தான் வரக்கூடாது.

— ஜன்னல் பக்கம் பாருங்க.

— ஏய், அதைக் கொடுக்கப் போறியா? தூசி தட்டக்கூட என்னை விடமாட்டியே.

— மாடி வீட்டு நர்ஸ் கேட்டுட்டே இருந்தாங்க. கார்மெண்ட்ஸ்ல எட்டு மணி நேரம் சட்டை மடிச்சுட்டு வந்து நான் எங்க தைக்கப் போறேன்? அது நின்ன இடத்துல, வரப்போற பாப்பா துணிக்கு ஒரு பெட்டி வைக்கலாம். சரி, அடுத்தது.

— அடுத்தது இந்த ஸ்க்ரூ மூட்டை. இதுல கை வச்சேன்னா நான் வெளிநடப்பு.

— அதுல யாரும் கை வைக்கல. இந்தப் பாட்டிலைப் பாருங்க. எங்க கேன்டீன்ல காப்பிப்பொடி தீர்ந்த பாட்டில், பதினெட்டு கேட்டு வாங்கிட்டு வந்தேன். மூடியை அலமாரிப் பலகைக்கு அடியில அடிச்சுடுங்க. பாட்டிலைத் திருகினா தொங்கும். தரையில ஒண்ணும் கிடக்காது. குழந்தை கைக்கும் எட்டாது.

— ஒரு ஆணி பத்தாது. பாட்டிலைத் திருகுறப்போ மூடியும் கூடவே சுத்தும். ரெண்டு ஸ்க்ரூ போடணும்.

— அதுக்குத்தானே மெக்கானிக்கைக் கட்டிக்கிட்டேன்.

— ம். மோசமில்ல. எது எந்த சைஸுன்னு பாத்ததும் தெரியுது. இதை இருபது வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?

— அப்போ நான் புதுசா வந்தவ. வாயே திறக்க மாட்டேன்.

— யாரு, நீயா?

— சிரிச்சது போதும். இந்த அட்டைப்பெட்டியெல்லாம் மளிகைக் கடைக்காரர் சும்மா கொடுத்தது. ஒண்ணுல கம்பளி, ஒண்ணுல உங்க வேலைச் சட்டை, ஒண்ணுல ரம்பம் சுத்தியல். மேலயே எழுதிட்டேன். நம்ம கட்டில் காலுக்கு ரெண்டு ரெண்டு செங்கல் முட்டுக் கொடுத்தா எல்லாம் அடியில போயிடும். தூக்குங்க.

— இரு, இரு. இடுப்பு பிடிக்குது. ம், இப்ப செங்கலைத் தள்ளு.

— வச்சாச்சு. விடுங்க. பாத்தீங்களா, இந்தப் பக்கம் முழுக்கத் தரை தெரியுது. தரை சிவப்புங்கிறதே மறந்துபோச்சு எனக்கு.

— எனக்கும்தான்.

— இப்பச் சொல்லுங்க. பள்ளிக்கூடத்துல உடைஞ்ச அலமாரியைக் கேட்டு, சின்னதா கட்டில் செய்யறேன்னு தோள்ல தூக்கிட்டு வந்தது நீங்கதான். பலகை ரெண்டு வாரமா சுவத்துல சாய்ஞ்சு நிக்குது. ஏன் ரம்பமே வைக்கல?

— வைக்கிறேன்.

— எப்போ?

— இடமே இல்லாமக் கிடந்துச்சே.

— இப்ப இருக்கு. என்னங்க, அந்தப் பக்கம் திரும்பிக்காதீங்க. என்னைப் பாருங்க.

— எனக்கு நாப்பத்தாறு ஆச்சு. நாள் முழுக்க ஏணி மேல நின்னு, யார்கிட்டயும் பேசாம வேலை பாக்குறவன். போன மாசம் அந்தப் பாப்பாவைப் பாக்க இல்லத்துக்குப் போனப்போ பாத்தேல்ல. உன் மடியில மட்டும் ஏறி உக்காந்துக்கிட்டா. என் பக்கம் திரும்பவே இல்ல. நாலு வயசுக் குழந்தைகிட்ட என்ன பேசறதுன்னே தெரியல எனக்கு. கட்டிலைச் செஞ்சு போட்டுட்டு, அவ வந்து என்னைப் பாத்து அழுதா?

— அதுக்காகத்தான் ஒரு மோட்டாரைக்கூட விட மனசு வரலையா?

— இடம் இல்லைன்னா யாரும் வரமாட்டாங்கல்ல. அப்படித்தான் இருக்கும்போல. இப்ப சொல்றப்போதான் எனக்கே தெரியுது.

— அழுதா அழட்டும். இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம் நானும்தான் அழுதேன். அப்போ என்ன பண்ணீங்க?

— நான் ஒண்ணும் பண்ணலையே.

— ஒண்ணும் பேசலை. ரேடியோவைப் பிரிச்சுப் போட்டு, ஒவ்வொண்ணா என் கையில கொடுத்துப் பிடிச்சுக்கச் சொன்னீங்க. எது எங்க போகும்னு பாத்துட்டே இருந்ததுல அழுகை நின்னுபோச்சு. அவ கையிலயும் எதையாவது கொடுங்க. பேச்சு தானா வரும்.

— ரம்பம் எந்தப் பெட்டியில இருக்கு?

— எழுதியிருக்கேன்ல, பாத்து எடுங்க.

— பலகையோட அந்த முனையைப் பிடி. ஆட்டாம பிடி.

— பிடிச்சிருக்கேன். அறுங்க.

— ஆச்சு. கடைசி ஸ்க்ரூவும் முடுக்கிட்டேன். மரத்தூளைக் கூட்டிடு. மணி என்ன?

— நாலாகப் போகுது. கட்டில் ஆடாதுல்ல?

— நானே ஏறி நின்னு பாத்துட்டேன். ஆடாது.

— கதவு தட்டுறாங்க. சட்டையை மாத்துங்க. வாங்க மேடம், உள்ள வாங்க.

— வணக்கம். அதாவது, போன தடவை நான் வந்தப்போ இந்தக் கதவு பாதிதான் திறந்துச்சு.

— இப்ப முழுசாத் திறக்கும் மேடம்.

— இதுதான் பாப்பா கட்டிலா? கடையில வாங்கினீங்களா?

— இல்ல மேடம், பழைய பலகைதான். முனையெல்லாம் உருட்டித் தேச்சிருக்கேன். கை வச்சுப் பாருங்க, எங்கயும் குத்தாது.

— அழகா இருக்கு சார். அதாவது, என் பக்கம் எல்லாம் சரி, அப்படியே எழுதிடறேன். ஆனா ஒரு விஷயத்தை உங்ககிட்ட சொல்லாம போகக் கூடாது. ரெண்டு பேரும் உக்காருங்க.

— என்ன மேடம்? குழந்தைக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?

— அவ நல்லா இருக்காம்மா. அவளுக்கு ஒரு அக்கா இருக்கா. ஒன்பது வயசு. பெரிய பிள்ளைங்க இருக்கிற இல்லத்துல இருக்கா. அவளை வேற ஒரு குடும்பம் கேட்டிருந்தாங்க. போன வாரம் வேண்டாம்னுட்டாங்க. சனிக்கிழமை மட்டும் அக்காவும் தங்கச்சியும் பாத்துக்குவாங்க. நீங்க கேட்டது ஒரு குழந்தை. முடியாதுன்னு சொன்னாலும் சின்னவ உங்களுக்குத்தான், அதுல எந்த மாத்தமும் இல்ல. அதாவது, இப்படி ஒருத்தி இருக்கான்னு நீங்க தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.

— மேடம், வீட்டைப் பாத்தீங்கல்ல. ஒருத்திக்கு இடம் பண்ணவே காலையிலேருந்து படாத பாடு பட்டோம். அந்தப் பிள்ளையை விடவும் மனசு வரல. ஆனா எங்க படுக்க வைப்போம், எப்படிச் சமாளிப்போம்? என்னங்க, நீங்க ஏன் எழுந்துட்டீங்க? ஏதாவது சொல்லுங்களேன்.

— மேடம், அந்தப் பொண்ணு எவ்வளவு உயரம் இருப்பா?