நான்காவது மூடி

டயர் வால்வுக்கு பிளாஸ்டிக் மூடியே போதும், ஐயா. உலோக மூடி பார்க்க அழகு, அவ்வளவுதான். மழையும் உப்புக்காற்றும் பட்டால் அலுமினிய மூடி பித்தளை வால்வோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் புருஷன் பெண்டாட்டியைப் பிரித்தாலும் பிரிக்கலாம், அதைப் பிரிக்க முடியாது.

இருபத்தாறு வருடமாக டயர் கடை வைத்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளையிடமும் சொன்னேன். அவர் நான்கு சக்கரத்துக்கும் பளபள மூடி மாட்டிவிட்டு, "காருக்குக் கம்மல் போட்ட மாதிரி இருக்குல்ல மாமா?" என்றார். நல்ல மனிதர். என் பெண்ணை ஒரு சொல் கடிந்தது கிடையாது. அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகி இரண்டு வருடம் இருவரும் என் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். அவள் தாயில்லாப் பெண். எனக்கும் அவளை விட்டால் நாதி கிடையாது. திடீரென்று மாப்பிள்ளைக்கு எட்டு மணி நேரத் தொலைவில் வேலை மாறியது. போகலாமா என்று அவள் என்னைக் கேட்கவில்லை. ஒரே நாளில் பெட்டி கட்டிவிட்டாள்.

கிளம்புகிற அன்று காலை காற்றடிக்கக் கடைக்கு வந்தார்கள். நான்கு மூடியும் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து இறுகிக் கிடந்தன. அதற்கு ஒரு முறை உண்டு. எண்ணெய் விட்டு ஊறவைத்து, வெந்நீர்த் துணி சுற்றி, ஒரு குறடால் வால்வின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு குறடால் மூடியை மெல்ல அசைக்க வேண்டும். கழுத்தைப் பிடிக்காமல் திருகினால் அடியில் ரப்பர் கிழியும். மூன்றை முறைப்படிதான் கழற்றினேன். நான்காவதுக்கு ஒரு குறடு போதும் என்று முடிவு செய்தேன்.

சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். வால்வின் அடியில் கடுகு கடுகாகக் குமிழி வந்தது. துடைத்துவிட்டு, காற்றடித்து, புது பிளாஸ்டிக் மூடி போட்டேன். "மாமா கை வச்சா அப்பீலே கிடையாது" என்றார் மாப்பிள்ளை.

ஊர் எல்லை தாண்டுவதற்குள் காற்று இறங்கிவிடும், திரும்பி வருவார்கள், மத்தியானம் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிடுவோம் என்றுதான் நினைத்தேன். நான் நினைத்ததைவிட அது நல்ல ரப்பர்.

பதினொன்றே காலுக்கு அவள் போன் செய்தது உங்கள் காகிதத்திலேயே இருக்கிறது. "அப்பா, வண்டி இடது பக்கமா இழுக்குதுன்றாரு. எதுத்தாப்புலயே ஒரு டயர் கடை இருக்கு. நிறுத்திக் காட்டட்டுமா?"

அந்தக் கடைக்காரன் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பான். பத்து நிமிடத்தில் வால்வை மாற்றியிருப்பான். அவர்களும் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

"ரோடு அப்படிம்மா. கொஞ்சம் வேகமாப் போகச் சொல்லு, சரியாயிடும்" என்றேன்.

மாப்பிள்ளைக்கு வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மாடி இனி தோதுப்படாது என்று கீழ் அறையில், என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே அவள் கட்டிலைப் போட்டிருக்கிறேன். கை இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. இருந்தாலும் மூன்று வேளையும் நானே ஊட்டிவிடுகிறேன்.

மூன்று மாதமாக அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டேஷனுக்குப் புகார் எழுதிக் கொடுத்ததே அவள்தான் என்கிறீர்கள். கோபம், ஐயா. கூடவே இருக்கிறவர்களிடம்தானே கோபித்துக்கொள்ள முடியும். கையெழுத்து எங்கே போடணும், காட்டுங்கள். ஒரு மணிக்குள் நான் வீட்டில் இருக்க வேண்டும். நான் போகாவிட்டால் அவள் சாப்பிட மாட்டாள்.